பலியும் பந்தியும்

ஓரியூர் மேட்டில் மண் செக்கச்செவேலென்று கிடக்கிறது. திருவாடானைப் பக்கமிருந்து வரும் வழியெல்லாம் வெளிறிய வயலும் கண்மாய்க் கரையும் சீமைக்கருவேலமுமாகப் பார்த்துவந்த கண் அந்தச் சிவப்பில் சற்று நின்றுவிடுகிறது. வருகிறவர்கள் குனிந்து ஒரு பிடி அள்ளுகிறார்கள். ஒருவர் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறார். ஓர் இளம் தாய் பிள்ளையின் நெற்றியில் கொஞ்சம் பூசிவிட்டு, மிச்சத்தை முந்தானையில் முடிகிறார். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தரை இங்கேதான் வெட்டினார்கள்; அவர் ரத்தம் பட்டே மண் சிவந்தது என்று ஊர் நம்புகிறது. செம்மண் புனிதர் என்றுதான் அவரைச் சொல்கிறார்கள்.

லிஸ்பனில் 1647 இல் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் இந்த மண்ணில் அருளானந்தர் ஆனார். போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர்களோடு வளர்ந்த பிள்ளை. சேசு சபைத் துறவியாகி 1673 இல் இந்தியா வந்து மதுரை மிஷனில் சேர்ந்தார். அந்த மிஷனில் அப்போது துறவிகள் இரண்டு வகை. மிஷனின் முன்னோடியான தத்துவ போதகர் வகுத்த வழியில் பிராமண சந்நியாசிகளாக வாழ்ந்தவர்கள் மேல்சாதிக்காரர்களிடம் போனார்கள். தாழ்த்தப்பட்டவர்களின் குடிசைக்குள் நுழைந்தால் மற்ற வாசல்கள் அவர்களுக்கு அடைபட்டுவிடும். எனவே எல்லாரிடமும் போய்வரக்கூடிய பண்டார சுவாமிகள் என்று இன்னொரு வகை ஏற்பட்டது. அருளானந்தர் பண்டார சுவாமி. காவி கட்டி, புலால் விலக்கி, மறவர் சீமையின் காடுகளில் நடந்தே ஊழியம் செய்தார். 1686 இல் பிடிபட்டு வதைபட்டு வெளியேற்றப்பட்டபோது ஐரோப்பாவுக்குப் போனார். அங்கேயே இரு என்று அரசரே சொல்லியும் 1690 இல் திரும்பி வந்துவிட்டார்.

அவர் உயிரை வாங்கிய சம்பவம் ஒரு வீட்டுக்குள் தொடங்கியது. நோயிலிருந்து பிழைத்த மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் வேதத்தில் சேர விரும்பினார். மனைவியரில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது, அவரும் செய்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவுமுறைப் பெண். அந்தப் பெண்ணின் நிலையை நினைக்காமல் இந்த வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் ஒருவர் தலையில் விழுந்த அதே வேளையில் இன்னொருத்தி வீட்டை இழந்தாள். அவள் கண்ணீர் சேதுபதியின் கோபமாயிற்று. சில நாட்களிலேயே அருளானந்தர் பிடிபட்டார். ராமநாதபுரத்தில் கொல்லத் தயங்கி, ஓரியூரில் ஆட்சி செய்த சேதுபதியின் தம்பியிடம் அனுப்பிவைத்தார்கள். கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தில், நல்லது செய்ததே குற்றம் என்றால் அந்தக் குற்றத்துக்காகச் சாவது பெருமை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அடுத்த நாள் புதன்கிழமை. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22 இல் வந்தது. எனவே அந்தப் புதன், சாம்பல் புதன்.

நான் போனபோதும் சாம்பல் புதனுக்கு அதிக நாள் இல்லை. தவக்காலம் தொடங்குவதற்குள் நேர்ச்சையை முடித்துவிட வேண்டும் என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மரத்தடியில் அடுப்புகள் புகைந்தன. மொட்டை, காதுகுத்து, தென்னங்கன்றுக் காணிக்கை, கடைசியில் கிடாவெட்டு. குலதெய்வக் கோயிலில் நடப்பதெல்லாம் இங்கே அருளானந்தர் பேரில் நடக்கிறது. வருகிறவர்களில் இந்துக்களும் நிறைய. பிள்ளையை ஏலம் விடும் நேர்ச்சையும் உண்டு. பிறக்கட்டும், உனக்கே தருகிறேன் என்று வேண்டிப் பெற்ற பிள்ளையைப் புனிதரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு ஏலம் நடக்கிறது. உறவுக்காரர்கள் தொகையைக் கூட்டிக் கூட்டிக் கேட்கிறார்கள். கடைசியில் விலை கொடுத்தவர் பிள்ளையை வாங்கித் தாயின் மடியில் போடுகிறார். அந்தப் பணம் கோயிலுக்கு. ஏலம் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஆனால் பிள்ளை திரும்பவும் தன் மடியில் விழுந்தபோது அந்தத் தாய் அழுததைப் பார்த்தேன். மீட்பு, கிரயம் என்றெல்லாம் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கொடுத்ததை விலை தந்து திரும்ப வாங்குவது எப்படியிருக்கும் என்று அந்த முகத்தில்தான் பார்த்தேன்.

நான் திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவன். கிடாவெட்டு என்றாலே அஞ்ஞானம் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவன். எபிரேயர் நிருபத்தின் வாதம் எங்களுக்குச் சிறு வயதிலேயே பாடம்: ஆட்டு ரத்தமும் மாட்டு ரத்தமும் பாவத்தைப் போக்காது, கிறிஸ்து தம்மையே ஒரே தரம் கொடுத்துவிட்டார், இனிப் பலியில்லை. அந்த ஒருவருக்காகத் தலைகொடுத்தவரின் கோயில் வாசலிலேயே கிடாய் விழுகிறதே என்று எனக்குள் ஓர் உறுத்தல். சற்று விலகியே நின்றேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் பெரியவர், நெற்றியில் திருநீற்றோடு, இலையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி நிக்கிறீங்க? உக்காருங்க. இது எங்க வீட்டுச் சோறு இல்ல, சாமி வீட்டுச் சோறு. வந்தவுகளுக்குப் போடாம நாங்க மட்டும் திங்கக் கூடாது.”

உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அவருடைய மருமகன். மறுபக்கம் யாரென்றே தெரியாத, கிழிந்த சட்டை போட்ட ஒருவர். இருவருக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு. சாப்பிடும்போது லேவியராகமம் நினைவுக்கு வந்தது. அதில் சமாதான பலி என்று ஒன்று உண்டு. ஆடோ மாடோ கொண்டுவந்து செலுத்தியவன் அதில் தானும் உண்ண வேண்டும். ஸ்தோத்திரப் பலியாக இருந்தால் விடிவதற்குள் உண்டு தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு முழுக் கிடாயை ஒரு வீடு ஒரே நாளில் தின்று முடிக்குமா? பக்கத்து வீட்டானைக் கூப்பிடத்தான் வேண்டும், வழிப்போக்கனைக் கூப்பிடத்தான் வேண்டும். பஸ்கா ஆட்டுக்குட்டிக்கும் அதே சட்டம்தான். இயேசுவும் வியாழன் இரவு பந்தியிருந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த பிறகே வெள்ளிக்கிழமை சிலுவைக்குப் போனார். பலியை எண்ணியெண்ணி உருகும் நாம் பந்தியை எங்கே விட்டோம்? ஓரியூரை விட்டுத் தெற்கே போகும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது.

பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது லெந்து தொடங்கியிருந்தது. கத்தோலிக்கர் தவக்காலம் என்பதை நாங்கள் லெந்து என்போம். அவர்கள் ஒருசந்தி இருப்பார்கள், எங்கள் வீடுகளில் இறைச்சியை விட்டுவிடுவார்கள், சிலர் காப்பியை. இங்கே நான் பார்க்க நினைத்தது பாப்பாத்தியம்மாள் கோயிலை. தஞ்சாவூர்ப் பிராமணக் குடும்பத்துக் கைம்பெண் ஒருவர் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, மணம் செய்யாத வாழ்வைக் காரணம் காட்டி மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பின் 1778 இல் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கிடைத்தது. 1785 இல் அவர் முன்னின்று கட்டிய சிறு கோயில்தான் திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் சபைக்கு முதல் கோயில். 1780 இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் அவருடையது. அடுத்தடுத்து வருகிறவர்கள் பல சாதிக்காரர்கள். பிறந்த வீடும் புகுந்த வீடும் தள்ளிவிட்ட ஒரு பெண், பாதிரியாரும் ஒருதரம் தள்ளிவிட்ட ஒரு பெண், அந்த 40 பேரையும் ஒரு கூரைக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறார். இன்று எங்கள் திருமண்டலத்தில் கோபுரம் வானைத் தொடும் கோயில்கள் எத்தனையோ உண்டு. எதுவும் எனக்கு இந்தச் சின்னக் கட்டடத்துக்கு ஈடாகத் தெரியவில்லை.

சாத்தான்குளம் தாண்டினால் தேரி. சிவப்பு மணல் குன்று குன்றாக, இடையில் பனை, பனை, பனை. முதலூரை இன்று எல்லாரும் மஸ்கோத்துக்காகத் தேடி வருகிறார்கள். தேங்காய்ப் பாலில் கிண்டிய அந்த அல்வா வாயில் நிற்காமல் வழுக்கும். அதே ஊர் 1799 இல் அடைக்கல ஊராகத் தோன்றியது. கிறிஸ்தவர்களானதற்காக வீடும் கோயிலும் கொளுத்தப்பட்டவர்களைக் கூட்டிவந்து குடியேற்றியவர்களில் முன்னின்றவர் தாவீது சுந்தரானந்தம். இளம் வயதிலேயே மறைந்துபோனார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அவருக்குப் புனிதர் பட்டம் யாரும் தரவில்லை. எங்கள் சபையில் அந்த வழக்கமும் இல்லை.

இடையன்குடியில் தெருக்கள் நேராக இருக்கின்றன. தேரிக் காட்டுக்குள் நூல் பிடித்தாற்போல் ஒரு ஊர். 1841 முடியும் வேளையில் இங்கே வந்து சேர்ந்த ராபர்ட் கால்டுவெல்லுக்கு அப்போது வயது 27. சென்னையிலிருந்து தஞ்சை, நீலகிரி, மதுரை என்று சுற்றிப் பெரும்பாலும் நடந்தே வந்தவர். தமிழர் அவரைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக அறிவார்கள். அந்த நூல் 1856 இல் வந்தது. அதை எழுதிய கை அந்த ஊரில் கிணறு வெட்டவும், தெரு அளக்கவும், மரம் நடவும் செய்த கைதான். அவர் எழுதியதெல்லாம் இந்த மக்களுக்கு இனித்ததில்லை. 1849 இல் இங்குள்ள மக்களைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல் அவர்களைத் தாழ்த்திப் பேசியதென்று நாடார் சமூகத்தில் எழுந்த எதிர்ப்பு நியாயமானது. அவரே பிற்காலத்தில் அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிவிட்டார். அதையும் மனத்தில் வைத்தே அந்தக் கோயிலுக்குள் நுழைந்தேன்.

பரிசுத்த திரித்துவ ஆலயம். 1847 இல் தொடங்கி 1880 ஜூலை 6 அன்று பிரதிஷ்டை ஆனது; 33 ஆண்டுகள். கோத்திக் பாணிச் சன்னல்களை ஒருபோதும் கண்டிராத உள்ளூர்க் கொத்தனார்களுக்குக் கால்டுவெல் களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டினாராம். கோயிலைக் காட்டிய அண்ணாச்சி அந்தச் சன்னல் விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். வளைவு மேலே சேரும் இடத்தில் இரு பக்கமும் துளி வித்தியாசம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரு பக்கத்தை ஒருவரும் மறுபக்கத்தை இன்னொருவரும் இழைத்திருக்கலாம். அந்த 33 ஆண்டுகளில் எத்தனை பேர் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, முடிந்ததைப் பார்க்காமலே போயிருப்பார்கள்!

“கட்டி முடிக்கையில தொர ஐயாவுக்குத் தாடியெல்லாம் வெளுத்துப் போச்சு,” என்றார் அண்ணாச்சி, தாம் நேரில் பார்த்ததுபோல. பலிபீடத்துக்குக் கீழே கால்டுவெல்லின் கல்லறை. 1891 இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மனைவி எலைசாவும் இங்கேதான். நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் ஐயரின் மகள் அவர். இந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தவர். பனையேறியின் மனைவிக்குக் கையில் சொந்தக் காசு வந்தது அப்போதுதான்.

1877 இல் தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தையொட்டி இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திருச்சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்கு வந்தவர்கள் என்று அப்போதே பழித்தார்கள்; இப்போதும் பழிக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனிகிற கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும். நான் குனிவதில்லை. அப்பத்தைத் தேடி வந்தவர்களை இயேசு கடிந்துகொண்டது உண்மை. கடிந்துகொள்வதற்கு முன்னால் ஐயாயிரம் பேரையும் புல்லில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதும் உண்மை. பசித்தவனுக்குப் பந்தி போட முடியாத பலி யாருக்கு வேண்டும்?

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் போடுவோம். வீட்டுக்கு வீடு அரிசியும் ஆடும் கொடுப்பார்கள். இரவெல்லாம் அண்டாக்கள் வேகும். மறுநாள் ஊரே வரிசையாக உட்காரும். ஊரில் இல்லாதவர்களுக்குத் தூக்குவாளியில் போகும். அசனச் சோற்றில் ஒரு பருக்கையைக்கூடக் கீழே போடாதே என்று எங்கள் ஆச்சி அதட்டுவாள். அவளுக்கு அதுவும் ஒரு நற்கருணை. ஆனால் அந்த அசனத்திலும் ஒரு தெருக்காரர்கள் கடைசிப் பந்திக்கே வருவார்கள். யாரும் தடுத்ததில்லை, அவர்களே பிந்தி வருவதாகத்தான் சிறு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டோனாவூருக்குப் போகும் பாதையில் மேற்கு மலை கூடவே வருகிறது. 1820களில் மிஷனரி ரேனியஸ் ஐயர் ஊரை உண்டாக்கப் பணம் உதவிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர் ஊருக்கு நிலைத்துவிட்டது. ஏமி கார்மைக்கேல் இங்கே வேர்விட்டது அதற்கு வெகுகாலம் பின்னால். அயர்லாந்தின் வடக்கில் 1867 இல் பிறந்தவர், 1895 இல் இந்தியா வந்தவர், பிறகு ஒருமுறையும் சொந்த நாட்டுக்குத் திரும்பாதவர். 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி அவரிடம் ஓடிவந்தாள். அதற்கு முன் அவர் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர். அந்தப் பிள்ளை வந்த பிறகு பிரசங்கப் பயணங்கள் மெல்ல நின்றன. தொட்டிலும் பால்புட்டியும் நகம்வெட்டும் வேலையும் வந்து சேர்ந்தன. ஊழியத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்க்கிறார் என்று மிஷனரிகளிலேயே சிலருக்கு ஏளனம். 1913 வாக்கில் 130 பிள்ளைகள். தேவதாசி முறையைச் சட்டத்தால் ஒழிக்கப் போராடியவர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணத்தில் அது 1947 இல்தான் நிறைவேறியது. சட்டம் வரும்வரை பிள்ளைகளுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. டோனாவூர் அந்த வீடுகளில் ஒன்று.

அந்த வீட்டில் சாதி கிடையாது. எந்தச் சாதிப் பிள்ளையானாலும் ஒரே உலை, ஒரே பந்தி, கழிவு அள்ளுவதும் எல்லாருக்கும் முறை வைத்து. ஊழியத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. இதைப் பெரிய புரட்சியாக அவர் அறிவித்ததாகத் தெரியவில்லை. குடும்பம் என்றார், அவ்வளவுதான். குடும்பத்தில் யார் எந்தப் பந்தி என்று கேட்பார்களா?

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போனவர் இருட்டில் குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன் பின் 1951 ஜனவரியில் சாகும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான் வாழ்ந்தார். வலியோடு, எழுதிக்கொண்டு, பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் குறிப்பு அனுப்பிக்கொண்டு. ஓரியூரில் ஒரே வெட்டில் முடிந்தது இங்கே 20 வருஷம் நீண்டது. எது கடினம் என்று ஒப்பிட நான் யார்? ஆனால் வாளுக்குக் கழுத்தை நீட்டும் தருணம் நம்மில் பெரும்பாலோருக்கு வராது. ஒரே அறை, ஒரே வேலை, ஒரே மனிதர்கள் என்ற சிலுவை எல்லார் வீட்டிலும் சாத்தி வைத்திருக்கிறது. ஆவிக்குரிய வளர்ச்சி என்று எங்கள் கூட்டங்களில் ஓயாமல் பேசுகிறோம். எத்தனை மணிநேரம் ஜெபித்தாய், எத்தனை நாள் உபவாசம், வரம் வந்ததா என்று அளக்கிறோம். 1901 இல் பிரசங்கியாக இருந்தவர், கூட்டத்தின் முன் நிற்பதை விட்டு ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தாரே, அதை நான் வளர்ச்சி என்பேன்.

தம் கல்லறைக்கு நடுகல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மரத்தடியில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி. அதில் அம்மை என்று மட்டும் பொறித்திருக்கிறது.

வடக்கன்குளத்துக்கு நான் மனம் கனத்துத்தான் போனேன். இந்த ஊரின் திருக்குடும்ப ஆலயம் தமிழகக் கத்தோலிக்க வரலாற்றில் இரண்டு காரணங்களுக்காக நினைக்கப்படும். 1745 மே 14 அன்று திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் நீலகண்டன் இங்கே தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். அது முதல் காரணம். இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 1872 இல் இங்கே கோயிலைக் கட்டியபோது இரண்டு கை விரித்தாற்போல் இரு மண்டபங்களாகக் கட்டினார்கள். இரண்டும் பலிபீடத்தில் வந்து கூடும். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடார் முதலிய மற்றவர்களுக்கு. பீடத்தில் நிற்கும் குருவானவருக்கு இரு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்து மக்களுக்கு அந்தப் பக்கத்து மக்களைத் தெரியாது. கால்சட்டைக் கோயில் என்று பேர் வந்தது. அப்பத்தை உயர்த்தி, இது உங்களுக்காகப் பிட்கப்படும் என் சரீரம் என்று சொல்லும்போது, அந்தச் சரீரம் ஏற்கெனவே கட்டடத்திலேயே இரண்டாகப் பிளந்து கிடந்தது.

கொரிந்து சபையில் இதுதான் நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள், ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது கர்த்தருடைய பந்தியே இல்லை என்கிற அளவுக்குப் பவுல் கோபப்பட்டார். வடக்கன்குளத்தில் அந்தக் கோபம் வர 1910 ஆயிற்று. பங்குத்தந்தை அட்ரியன் கௌசானல் பிரிவினைச் சுவரை இடித்துவிட்டார். சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. சாதியைக் காட்டிக் கோயிலுக்குள் தனி இடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று. வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வாசலில் பூ விற்ற அக்கா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்றார், சொன்னேன். என்ன வேலை, சொன்னேன். பிறகு இயல்பாக, எந்தக் கெடுதலும் நினைக்காமல், “நீங்க என்ன ஆளுக?” என்றார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தெரியும். வேதக்காரன் என்றேன். “அது தெரியுது, அதுல என்ன ஆளுக?” சுவர் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

ஆரல்வாய்மொழியில் காற்று ஓயாது. காற்றாலைகள் கண்ணுக்கெட்டியவரை சுழல்கின்றன. அந்தக் கணவாயின் ஓரத்தில் காற்றாடிமலை. லெந்து வெள்ளிக்கிழமை என்பதால் சிலுவைப் பாதை நடந்துகொண்டிருந்தது. பாறை வெயிலில் கொதித்தது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினார்கள். மணியடிச்சான் பாறையில் ஒரு சிறுவன் கல்லால் தட்டினான். வெண்கல மணி அடித்த ஓசை வந்தது.

குளச்சல் போரில் 1741 இல் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவர் படைக்கே தலைவரானவர். அவரோடு பழகிய நீலகண்டன், துன்பத்தில் நொறுங்கிப்போயிருந்த வேளையில் அவர் வாயிலாக யோபுவின் கதையைக் கேட்டார். வேதத்தில் சேர்ந்த பிறகு தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். அரண்மனைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. 1749 இல் சிறை. எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். மூன்று ஆண்டுகள் நடந்தது இது. 1752 ஜனவரி 14 இரவில் இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். இந்த வரலாற்றைத் திருவிதாங்கூர் ஆவணங்கள் உறுதிசெய்யவில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. கீழே கோட்டாற்றில் இருக்கும் கல்லறையை எந்த வாதமும் இல்லாமலாக்கிவிடாது. மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர். கணவர் கொல்லப்பட்ட பின் சொந்தபந்தம் விட்டு வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். அவரைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேட்க ஆசை; இதுவரை கேட்டதில்லை.

கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குள், பீடத்துக்கு முன்னால் தேவசகாயத்தின் கல்லறை. மலைக்காட்டில் எறியப்பட்ட உடலின் எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் பொறுக்கிக் கொண்டுவந்து இங்கே புதைத்தார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். துறவியாகவோ குருவாகவோ இல்லாத இந்தியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல்முறை. அதுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டே அறிவித்தது. சாதி பார்க்காததற்காகச் செத்தவரைச் சாதிப் பெயர் சொல்லிப் புனிதராக்குவதா என்று இங்கிருந்து எழுந்த குரலுக்குக் கிடைத்த பதில் அது. கல்லறையைச் சுற்றி நின்றவர்களில் கடற்கரைக்காரர்களும் மேட்டு நிலத்துக்காரர்களும் இருந்தார்கள். அங்கே யாரும் யாரையும் என்ன ஆளுக என்று கேட்கவில்லை.

பீடத்தில் ஒழிந்த சாதி கல்லறையில் ஒழியவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இரு பக்கத்தையும் பிரித்து நின்ற சுவர் நாடறிந்தது. பெயர் வெளியே வராத ஊர்கள் எத்தனையோ. எங்கள் ஊர் அவற்றில் ஒன்று. எங்களுக்குச் சுவர் கிடையாது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. கடைசிப் பந்திக்கு வந்த தெருக்காரர்கள் அந்தப் பக்கம். ஈஸ்டர் அதிகாலையில் ஒரே ஐயர் இரண்டு இடத்துக்கும் போய் இரண்டு தரம் ஜெபம் பண்ணுகிறார்; கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று இரண்டு தரம் அறிவிக்கிறார். இந்த லெந்து முடிவதற்குள் சேகரக் கமிட்டி கூடும். இந்த ஈஸ்டருக்கு ஜெபம் ஒரு தரம் போதும், அந்தப் பக்கத்துத் தோட்டத்திலேயே நடக்கட்டும், நாங்கள் வாய்க்காலைத் தாண்டி வருகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பாவின் கல்லறை இந்தப் பக்கம் இருக்கிறது. தம்பிக்கு என் மேல் கோபம். கையெழுத்துப் போட இதுவரை நான்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். மற்ற வீடுகளுக்கு நாளையிலிருந்து போக வேண்டும்.